ஊறவை, உலர்த்து, விதை

நெல்லின் வழியில் – 12

சென்ற வாரம் டெல்டாவின் நாற்றங்கால்களைப் பார்த்தோம். ஈரச் சாக்கில் முளைகட்டிய விதை அங்கே நேராகச் சேற்றில் விழுகிறது. தண்ணீர் தயாராக இருக்கிறது, விதை போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. ராமநாதபுரத்தில் எல்லாம் தலைகீழ். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், பரமக்குடிப் பக்கங்களில் ஆவணி, புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் நெல்லைத் தூவி, மேலே ஓர் உழவு ஓட்டி மூடிவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதுவரை மண்ணுக்குள் விதைதான் காத்துக் கிடக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் எறும்புக்குக் கொஞ்சம் போகும், எலிக்கும் பறவைக்கும் கொஞ்சம் போகும். மிச்சம் இருப்பதில் பொக்கு விதை முளைக்காது, அரைகுறை விதை முளைத்தாலும் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வராது. மழை முடிந்து பார்த்தால் வயல் இங்கே அடர்த்தியாகவும் அங்கே சொட்டையாகவும் நிற்கும். சொட்டை விழுந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். நடவு வயலில் 20 நாளைக்கு மேல் வயதான நாற்று களைக்கு முன்னால் நிற்கிறது, தேங்கிய தண்ணீரும் களையை அமுக்குகிறது. புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே மழையில் ஒரே நாளில் கிளம்புகின்றன. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே வயல்.

இந்தப் பயத்தினால்தான் விதையை அள்ளிப் போடுகிறோம். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 கிலோ போதும் என்பது பரிந்துரை. அதற்கு மேல் போடுவதெல்லாம் பயத்துக்குப் போடும் விதை. அந்தக் கூடுதல் விதை சொட்டையைச் சரி செய்வதில்லை, அடர்த்தியாக முளைத்த இடத்தைத்தான் இன்னும் நெருக்குகிறது. விதையின் அளவைக் கூட்டுவதைவிட அதன் தரத்தைக் கூட்டுவதே வழி. அதற்குத் தேவை இரண்டு மூன்று நாள் வேலையும் கொஞ்சம் பொட்டாஷும்தான்.

விதைக்குள் நடப்பது

காய்ந்த நெல் விதையின் ஈரம் 13 சதவீதத்துக்குள் இருக்கும். அந்த ஈரத்தில் அது உறங்குகிறது. தண்ணீர் பட்டதும் மூன்று கட்டமாக வேலை நடக்கிறது. முதல் சில மணி நேரம் விதை தண்ணீரை வேகமாக உறிஞ்சும். இரண்டாம் கட்டத்தில் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் பெரிய வேலையெல்லாம் இப்போதுதான் நடக்கிறது. சேமிப்பில் பழுதான மரபுப்பொருளை விதை சரி செய்துகொள்கிறது. முளைக்கருவிலிருந்து ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோன் சுரந்து, தவிட்டை ஒட்டிய மெல்லிய படலத்துக்குச் செல்கிறது. அந்தப் படலம் நொதிகளைச் சுரக்க, மாவுச்சத்து சர்க்கரையாக உடைந்து கருவுக்கு உணவாகிறது. மூன்றாம் கட்டத்தில்தான் முளை வெளியே எட்டிப் பார்க்கும்.

இந்த ஹார்மோன் உலகுக்குத் தெரிய வந்ததே நெல்லின் ஒரு நோயால்தான். சில நாற்று மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றவற்றைவிட உயரமாக வளர்ந்து சாயும் நோய் அது. ஜப்பானியர் அதை பகானே என்பார்கள். தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா, நோயை உண்டாக்கும் பூஞ்சாணம் வெளியிடும் ஒரு பொருளே நாற்றை இப்படி நீட்டுகிறது என்று 1926-இல் காட்டினார். 1935-இல் தெய்ஜிரோ யபூத்தா அதற்கு ஜிப்பெரெல்லின் என்று பெயர் வைத்தார். பின்னாளில்தான் பயிர்களே அந்தப் பொருளைத் தமக்குள் சுரக்கின்றன என்பது தெரிந்தது. அந்தப் பூஞ்சாணம் விதையோடு ஒட்டிக்கொண்டே அடுத்த பருவத்துக்கு வருகிறது. விதையைச் சுத்தம் செய்யாமல் விதைத்தால் நோயையும் சேர்த்தே விதைக்கிறோம்.

இரண்டாம் கட்டம் முடிவதற்குள், முளை வருமுன், விதையை வெளியே எடுத்து உலர்த்திவிட்டால் என்ன ஆகும்? விதை சாகாது. செய்து முடித்த வேலை பெரும்பாலும் அப்படியே நிற்கும். அடுத்த முறை ஈரம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். விதைக் கடினப்படுத்துதல் என்று வேளாண் துறை சொல்வது இதைத்தான். 1973-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹைடெக்கர் இந்த வழியை ஆய்வுலகின் பேச்சாக்கினார். 1990-களில் டேவிட் ஹாரிஸும் அவருடைய சகாக்களும் மேற்கு இந்தியாவின் மானாவாரிக் கிராமங்களில் விவசாயிகளையே கூட்டாளிகளாக்கி நெல், மக்காச்சோளம், கொண்டைக்கடலையை ஒரு ராத்திரி ஊறவைத்து, மேல் ஈரம் காய்ந்ததும் விதைத்துப் பார்த்தார்கள். பயிர் முந்தி முளைத்தது, ஒரே சீராக நின்றது. ஆனால் அது ஈரமுள்ள மண்ணில் உடனே விதைப்பவர்களுக்கான முறை. புழுதியில் விதைக்கும் நமக்கு முழுக்க உலர்த்திய விதைதான் சரி.

செய்யும் முறை

முதல் வேலை உப்புத் தண்ணீர். 1882-இல் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் யோகோய் தோகியோஷி உருவாக்கிய முறை இது, இன்று வரை இதைவிட மலிவான சல்லடை கிடையாது. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போடுங்கள், அடியில் போய் உட்காரும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். சுமார் ஒன்றரைக் கிலோ கரைந்ததும் முட்டை மெல்ல எழும். அதன் மேற்பரப்பு பழைய நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி. முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டிக் கையால் கிளறுங்கள். பதரும் கருக்காயும் மேலே மிதக்கும், அவற்றை வழித்தெடுத்து ஒதுக்கிவிடுங்கள். அடியில் தங்கியதுதான் விதை. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

அடுத்தது பொட்டாஷ் கரைசல். உரக்கடையில் கிடைக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்தான் இது. ஒரு சதவீதக் கரைசல் என்றால் பத்து லிட்டருக்கு 100 கிராம். ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் ஏக்கர் விதை 30 கிலோவுக்கு 30 லிட்டர் தண்ணீர், 300 கிராம் பொட்டாஷ். அதில் 16 மணி நேரம் ஊற வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்துவிடலாம். 'இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. முளை குத்திய விதையை உலர்த்தினால் அந்த முளை செத்துப் போகும்.

மூன்றாவது உலர்த்தல். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். தார் ரோட்டிலோ உச்சி வெயிலிலோ போடக் கூடாது. காற்றோட்டமான நிழலில் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளத் தராசு போதும். உப்புத் தண்ணீரில் இறக்குமுன் ஒரு கிலோ நல்ல விதையை எடை போட்டுத் தனியாக ஒரு துணிப்பையில் கட்டுங்கள். மற்ற விதையோடு அதையும் அலசி, ஊறவைத்து, பக்கத்திலேயே பரப்பிக் காயவிடுங்கள். அது மறுபடி ஒரு கிலோவுக்கு வந்துவிட்டால் எல்லா விதையும் பழைய ஈரத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். பல்லில் கடித்தால் நசுங்காமல் பட்டென்று உடைய வேண்டும்.

விதைக்கும் நாளன்று, ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரங்களான அசோஸ்பைரில்லத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் கலந்து விதை மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள். நோய்க்காக கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் சேர்ப்பதானால் இதனோடேயே சேர்க்கலாம். பூஞ்சாணக் கொல்லி போடுகிறவர்கள் அதை முதலில் போட்டு, 24 மணி நேரம் கழித்தே உயிர் உரத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரை நாமே கொல்கிறோம்.

எல்லையும் உண்டு

விதை நேர்த்தி மழையைக் கொண்டுவராது. முளைத்தபின் மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் எந்த விதையும் தாங்காது. கடினப்படுத்திய விதையின் ஆயுளும் குறைவு. அடுத்த வருஷத்துக்கு என்று குதிரில் போட்டு வைக்க முடியாது, அந்தப் பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும். மழைக்கு வெகு நாள் முன்பே விதைத்துப் புழுதியில் கிடக்க விடுவதும் வீண். விதை நேர்த்தி தருவதெல்லாம் ஒரு முந்துதல்தான்: மண் ஈரம் காய்வதற்குள் வேர் கொஞ்சம் ஆழம் போயிருக்கும், மேல்மண் இறுகுவதற்குள் முளை வெளியே வந்திருக்கும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே பயிர் நிற்குமா சாகுமா என்பதை அந்த முந்துதல்தான் முடிவு செய்கிறது.

வறட்சியைத் தாங்கும் ரகங்கள் நம்மிடம் உண்டு. பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-இல் அண்ணா 4 ரகத்தை இந்த மண்ணுக்கென்றே கொடுத்தது. சித்திரைக்கார் போன்ற பழைய ரகங்களை இன்றும் காப்பாற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். ரகம் எதுவானாலும் வயலில் முழுசாக முளைத்தால்தான் அதன் குணம் வெளிப்படும்.

இந்த முறை பத்திருபது வருஷமாகத் துண்டுப் பிரசுரங்களில் இருக்கிறது. அப்படியும் பெரும்பாலான வயல்களுக்கு விதை மூட்டை பிரித்தபடியேதான் போகிறது. குற்றம் விவசாயி மேல் மட்டும் இல்லை. மேகம் கறுத்த பிறகு விதை கைக்கு வந்தால் ஊறவைக்கவும் உலர்த்தவும் நேரம் ஏது? விதை விநியோகம் விதைப்புக்குப் பத்து நாள் முன்னாவது முடிய வேண்டும். ஊருக்கு ஒரு நிழற்களமும் நாலு பெரிய தொட்டியும் இருந்தால் ஒரே வாரத்தில் ஊர் விதை முழுவதையும் நேர்த்தி செய்துவிடலாம். ஊரக வேலைத் திட்டத்தில் எத்தனையோ வேலை நடக்கும் ஊர்களில் இதைக் கேட்டு வாங்குவது கிராம சபையின் உரிமை.

இந்த வருஷம் ஆவணி பிறப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். விதை மூட்டையிலிருந்து 100 மணியை எடுத்து, நனைத்த சாக்குத் துணியில் சுருட்டி, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். 80-க்குக் குறைந்து முளைத்தால் அந்த விதையைத் திருப்பிக் கொடுங்கள். 80-க்கு மேல் இருந்தால் உப்பையும் முட்டையையும் பொட்டாஷையும் எடுத்து வையுங்கள். முதல் முறை ஒரு ஏக்கருக்கு மட்டும் செய்யுங்கள், பக்கத்து ஏக்கரை வழக்கம்போல் விடுங்கள். மழை பெய்த பத்தாம் நாள் இரண்டு வயலையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

(அடுத்த வாரம்: புழுதி விதைப்பில் முதல் 30 நாள் களை)