ஓடியும் நடந்தும் ஒரு வணக்கம்

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் காலை வழிபாடு முடிந்ததும், வகுப்புத் தலைவியர் உண்டியலும் சிறு காகிதக் கொடிகளும் ஏந்தி வகுப்பு வகுப்பாக வருவதை நாம் எல்லோரும் அறிவோம். 1949ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படும் படைவீரர் கொடி நாள் அது. அன்று நாம் போடும் காசு, போரில் மாண்ட வீரர்தம் குடும்பங்களுக்கும், உறுப்பிழந்தோர்க்கும், முன்னாள் படையினர்க்கும் பயன்படுகிறது. நல்ல செயல்தான், ஐயமில்லை. ஆனால் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொண்டு கணக்குப் பாடத்திற்குள் நுழைந்துவிட்டால், மாலைக்குள் அது எங்கே விழுந்தது என்பதுகூட நமக்கு நினைவிராது. பிறரைச் சொல்வானேன்? ஒன்பதாம் வகுப்பில் என் கொடி புத்தகப் பையின் அடியில், பென்சில் சீவல்களோடு ஏப்ரல் மாதம் வரை கிடந்தது.

என் தாத்தா படையில் சிப்பாயாக இருந்தவர். 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு எல்லையில் இருந்தார். எங்கள் ஊர் திருமங்கலத்திற்குத் தெற்கே கரிசல் காட்டில் உள்ளது. அவரோடு ஒரே நாளில் படையில் சேர்ந்த நண்பர் ஒருவர், எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல் தள்ளியுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் அந்த டிசம்பரில் திரும்பி வரவில்லை. தாத்தா விடுப்பில் வந்த முதல் ஆண்டு அந்த ஊருக்கு நடந்தே சென்று நண்பரின் தாயாரைப் பார்த்தாராம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், கொடி நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் எழுந்து, செருப்பில்லாமல் அந்த ஒன்பது மைலையும் நடந்து போய்வருவது அவர் வழக்கம். பேருந்து வந்த பிறகும் அவர் ஏறவில்லை. "பஸ்ஸிலே போனா என்ன, அதே வீட்டுக்குத்தானே போறீங்க?" என்று பாட்டி கேட்டதற்கு அவர் பதில் சொன்னதில்லை என்று அப்பா சொல்லுவார்.

நான் கேட்டபோது மட்டும் சொன்னார்: "நீங்கல்லாம் சண்டைன்னா சுடுறதுன்னு நெனைக்கிறீக தாயி. சுட்டது கொஞ்ச நேரந்தான். நடந்ததுதான் நெறைய. அவன் எனக்குப் பின்னாலதான் நடந்து வந்தான்."

இதை நான் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியையிடம் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் தாத்தாவைப் போலவே நினைத்த ஓர் இரயில் ஓட்டுநர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார், தெரியுமா?" என்றார். அந்த இரயில் ஓட்டுநரைப் பற்றித் தேடிப் படித்ததைத்தான் இங்கே என் தோழியர்க்குக் கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் விக் கிளாப்பம். இலண்டனில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறியவர். 1899இல் போயர் போர் மூண்டபோது பதின்மூன்று வயதுச் சிறுவராகவே காயம்பட்டோர்க்கு உதவும் பணியில் சேர்ந்தவர். பின் முதல் உலகப் போரில் தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் ஒருவராய்க் கிழக்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றார். அங்கே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படையைத் துரத்திக்கொண்டு, காடும் சேறும் வெயிலுமாக ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்தார்கள். கிளாப்பத்தின் தோழர்களுள் பலர் வழியிலேயே மடிந்தனர். (நம் தெற்குச் சீமையின் பெயர் தாங்கிய 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் 1914 நவம்பரில் அதே கிழக்கு ஆப்பிரிக்காவில், தாங்கா என்னும் துறைமுகத்தில் இறங்கிப் போரிட்டது. அப்போரில் நம்மவர் பக்கத்திற்குத் தோல்வியே கிடைத்தது.)

போர் முடிந்தது. ஊர்தோறும் கல்லில் நினைவுச் சின்னங்கள் எழுந்தன. கிளாப்பத்திற்கு அது போதவில்லை. கடைக் கணக்கரும் எழுத்தருமாய் இருந்த எளிய மனிதர்கள் துப்பாக்கியும் மூட்டையும் சுமந்து அத்தனை தூரம் நடந்தார்களே, அவர்களை நினைக்க விரும்புகிறவர்கள் ஒரு நாளாவது தம் உடம்பை வருத்தி ஓடிப் பார்க்கட்டும் என்று அவர் எண்ணினார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலிருந்து டர்பன் நகர் வரை ஓர் ஓட்டப் பந்தயம் நடத்த, முன்னாள் படைவீரர் சங்கத்திடம் இசைவு கேட்டார். 'பெரும் போரின் தோழர்கள்' என்பது அச்சங்கத்தின் பெயர். இத்தனை தொலைவு மனித உடலால் ஆகாது என்று 1918இல் மறுத்தார்கள். அடுத்த ஈராண்டுகளிலும் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1921இல் ஒருவாறு இசைந்து, செலவுக்கு ஒரே ஒரு பவுன் கடனாகத் தந்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயராலேயே இன்றும் அது 'காம்ரேட்ஸ் மாரத்தான்', அதாவது தோழர்கள் ஓட்டம், எனப்படுகிறது.

1921 மே 24ஆம் நாள் 34 பேர் ஓடத் தொடங்கினர். முடித்தவர் 16 பேர். முதலில் வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம். தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நமக்குப் புரியும்படி சொன்னால், மதுரையிலிருந்து காரைக்குடிக்கு ஓடுவது! அதுவும் சமவெளியில் அன்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓராண்டு மேலிருந்து கீழே, மறு ஆண்டு கீழிருந்து மேலே என மாறி மாறி ஓடுவர். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைக் கெடுக்கும் என்கிறார்கள் ஓடியவர்கள். மலையிலிருந்து இறங்கிய அனுபவமுள்ள யாருக்கும் இது வியப்பாயிராது.

இப்போது ஆயிரக்கணக்கானோர் ஓடும் இப்பந்தயத்தில் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் வந்து சேரவேண்டும் என்பது விதி. பன்னிரண்டாம் மணி முடியும் தறுவாயில் ஒருவர் கையில் துப்பாக்கியோடு எல்லைக்கோட்டில் நிற்பார். ஓடி வருவோரின் முகத்தைக் கண்டு மனம் இளகிவிடக் கூடாது என்பதற்காக, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சுடுவாராம்! ஒரு நொடி தாமதித்தவர்க்கும் பதக்கம் இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொடுமையாகப் பட்டது. ஆனால் அதே எல்லைக்கோட்டின் அருகில், கால் மடங்கி விழுந்தவரை முன்பின் அறியாத இருவர் தோள் கொடுத்துத் தூக்கி வரும் காட்சியும் காணப்படுவதுண்டு. தாம் பிந்தினாலும் பரவாயில்லை என்று நிற்கிறார்களே, அங்கேதான் அந்தப் பந்தயத்தின் பெயருக்குப் பொருள் இருக்கிறதென்று நான் நினைக்கிறேன்.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்ற பெயர் உங்களுக்குப் புதிதன்று. 1893 ஜூன் மாதம் ஒரு குளிர் இரவில் காந்தியடிகளை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்களே, அந்த நிலையம்தான். டர்பனும் நமக்கு அயலன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது அங்கேதான். பின்னும் அரை நூற்றாண்டுக் காலம் கரும்புத் தோட்டங்களுக்காக ஆட்கள் போய்க்கொண்டே இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே.

கிளாப்பம் சிறுவராய்ச் சேவை செய்த அதே போயர் போரில் காந்தியடிகளும் ஒரு மருத்துவத் தொண்டர் படை அமைத்தார். அதில் 1,100 இந்தியர் இருந்தனர். ஏறக்குறைய முந்நூறு பேர் தவிர மற்றையோர் ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்ட வீரரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு சில நாட்களில் 20 முதல் 25 மைல் நடந்ததாகக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஸ்பியன் காப் என்னும் குன்றின் போரில், 1900 ஜனவரியில், குண்டு விழும் இடத்திற்குள்ளும் சென்றார்கள். வெறுங்கையோடு 25 மைல் நடப்பதே எத்தகையது! ஒரு மனிதனின் பாரத்தைச் சுமந்து, அவன் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டு நடப்பது எத்தகையது! போர் முடிந்தபின் தலைவர்களாய் இருந்தவர்கள் பதக்கம் பெற்றார்கள். தூக்கி நடந்த கூலிகளின் பெயர் நம் பாடநூலில் இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, போர்த் தோழர்களை நினைத்து ஓடும் அந்தப் பந்தயம் அதே நாட்டில் தொடங்கியபோது, சுமந்தவர்களின் பிள்ளைகள் அதில் ஓட இடமில்லை. வெள்ளையர் ஆடவர் மட்டுமே ஓடலாம்! 1935இல் இராபர்ட் மிட்சாலி என்னும் கறுப்பினத்தவர் பதிவு இல்லாமலே ஓடி, ஒன்பதரை மணி நேரத்தில் முடித்தார். அவர் பெயர் முடிவுப் பட்டியலில் ஏறவில்லை. பெண்களுக்கும் இதே கதை. 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணி பெயர் கொடுத்தார், மறுத்துவிட்டனர். அவரோ பதிவு இல்லாமலே ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தார். பதக்கம் கிடைக்கவில்லை. உடன் ஓடியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் காசு சேர்த்து வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிப் பரிசளித்தனர். எல்லா இனத்தவர்க்கும் பெண்களுக்கும் கதவு முறையாகத் திறந்தது 1975இல்தான். கறுப்பினத்தவர் ஒருவர், சாம் ட்ஷபலாலா, முதலாவதாக வந்தது 1989இல்.

பெண்களால் நெடுந்தூரம் ஓட இயலாதென்று உலகமே நெடுநாள் நம்பியது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல்தான் சேர்ந்தது. என் அத்தை இன்றும் நம்புகிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கமாட்டார்.

வேறு நாடுகளிலும் இத்தகைய வணக்கங்கள் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தான் தீபகற்பத்தில் ஏறத்தாழ 75,000 வீரர் ஜப்பானியரிடம் சரணடைந்து, பசியோடும் தாகத்தோடும் நடத்திச் செல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வழியில் இறந்தனர். அவர்கள் நினைவாக அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1989 முதல் ஒரு நெடுநடை நடைபெறுகிறது. விரும்புவோர் 35 பவுண்டு மூட்டையையும் சுமந்து நடப்பர். சிலர் அந்த மூட்டையில் அரிசியும் பயறும் கட்டிச் சுமந்து, முடிவில் ஏழைகளுக்கு அளித்துவிடுவர். நம் நாட்டில் 1971 வெற்றியின் பொன்விழாவை முன்னிட்டு, 2020 டிசம்பர் 16ஆம் நாள் டில்லி தேசியப் போர் நினைவிடத்திலிருந்து நான்கு சுடர்கள் நான்கு திசைக்கும் புறப்பட்டன.

நம் பக்கத்துச் சீமைக்கும் இது புதிதன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களைப் பற்றி வரலாற்று ஆசிரியை சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல் நட்டிருக்கிறார்கள் நம் முன்னோர். ஓட்டமும் உண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் விழா நடக்கும்போது, பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் கையில் சுடரேந்தி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றி ஓடி வருவர். நான்வழிச் சாலையில் பேருந்து சன்னலிலிருந்து அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் காலில் கட்டுப் போட்டிருந்தது. வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நடந்தே போகிறவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆகவே, உடம்பை வருத்தி அன்பைக் காட்டுவது என்றால் என்னவென்று மதுரைக்காரர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சென்ற டிசம்பரில் தாத்தாவின் முழங்காலைப் பார்த்த மருத்துவர், நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். தாத்தா வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை. நான் போகிறேன் என்றேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருந்ததால் அம்மாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுவதற்கில்லை. முடிவில் அப்பா துணைக்கு வர, காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். மூன்றாம் மைலிலேயே கருவேல முள் தைத்தது. ஆறாம் மைலில் குதிகாலில் கொப்புளம். சூரியன் ஏறிய பிறகு தார்ச்சாலையின் ஓரத்து மண்ணைத் தேடித் தேடி நடந்தேன். தாத்தா இதை ஐம்பது தடவைக்கு மேல் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் என் காலுக்குத் தெரிந்தது.

நண்பரின் தாயார் இப்போது இல்லை. தங்கை இருக்கிறார். வாசலில் எங்களைக் கண்டதும், "அண்ணன் வரலையா? உடம்புக்கு என்ன?" என்று பதறினார். பிறகு என் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொண்டுவந்தார். கூடத்தில் சீருடை அணிந்த இளைஞரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அவருக்கு வயது இருபத்தொன்று. என்னைவிட ஆறே வயது மூத்தவர்.

திரும்பும்போது பேருந்தில்தான் வந்தோம். ஒளிப்பானேன்? அதைத் தாத்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த டிசம்பரில் என் வகுப்புத் தோழியர் நால்வர் உடன் வருவதாகக் கூறியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கான்வாஸ் காலணி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் தாத்தா. வெறுங்கால் அவருடைய கணக்காம். அதில் நாங்கள் பங்கு கேட்கக் கூடாதாம்.