மாத்திரை தின்ற பிள்ளையின் சம்பளம்

வகுப்பில் சோர்ந்து சுருண்டு உட்காரும் பிள்ளைக்கு "மக்கு" என்று பட்டம் கட்டுவது சுலபம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு, முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். வெளுத்திருந்தால் பாதி விளங்கிவிடும். வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிற பிள்ளையின் பாதத்தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு நுழைகிறது. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ரத்தசோகை பிடித்த பிள்ளைக்கு வாய்ப்பாடு எங்கே ஏறும்?

இதற்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்குக் கென்யாவைக் காட்டுவேன். அந்நாட்டின் மேற்கே, புசியா வட்டாரத்தில் 75 தொடக்கப் பள்ளிகளுக்கு 1998 முதல் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். சில பள்ளிகளுக்கு முதலில், மற்றவற்றுக்குப் பிந்தி. அதனால் ஒப்பிட முடிந்தது. பொருளாதார அறிஞர்கள் எட்வர்ட் மிகேலும் மைக்கேல் கிரெமரும் கணக்குப் பார்த்தபோது, மாத்திரை கிடைத்த பள்ளிகளில் பிள்ளைகள் மட்டம் போடுவது கால்வாசி குறைந்திருந்தது. இதற்காகப் புது வாத்தியாரும் போடவில்லை, புதுக் கட்டடமும் கட்டவில்லை! அதோடு விடாமல் இருபது வருஷம் பின்தொடர்ந்தார்கள். கூடுதலாக இரண்டு மூன்று வருஷம் மாத்திரை தின்றவர்கள், வளர்ந்தபின் ஒரு மணி நேர வேலைக்கு 13 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். சம்பாத்தியம் கூடினால் வரியும் கூடும். போட்ட காசு கஜானாவுக்கே திரும்பும். கிரெமர் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

இந்தக் கணக்கை ஒப்பாத ஆய்வாளர்களும் உண்டு. புழுத்தொல்லை கடுமையாக இருந்த புசியாவில் கிடைத்த பலன் எல்லா ஊரிலும் கிடைக்காது என்கிறார்கள். நியாயம்தான். கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத இடத்தில் புழு திரும்பவும் வரும். ஆனாலும், பள்ளிக்குச் செலவிடுகிற அரசு பிள்ளையின் வயிற்றைக் கவனிக்காவிட்டால், வாத்தியார் சம்பளத்தில் ஒரு பங்கு வீண் என்பதே என் கட்சி. சத்துணவையும் முட்டையையும் "இலவசம்" என்று இளக்காரம் பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

நம் பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையைத் தருகிறார்கள். சில வாண்டுகள் அதை நாக்கடியில் ஒதுக்கி, வேப்பமரத்தடியில் துப்பிவிடும். "மென்னு முழுங்கு, நாக்கை நீட்டு பாப்போம்" என்று எதிரில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்புவோம்.

பெற்றோரே, மாத்திரை தரும் நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். விடுபட்டவர்களுக்கென்று சில நாளில் மறுபடியும் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.