சமன் செய்த அணிக்கு ஏன் ஒன்றுமே இல்லை? புரோ கபடியின் புதிய புள்ளிக் கணக்கு

பொங்கல் கபடிப் போட்டிகளுக்கு அணிப் பெயர் கொடுக்கும் கெடு நெருங்கிவிட்டது. திருவேங்கடம், குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. புரோ கபடியில் 2025 சீசனிலிருந்து புள்ளிக் கணக்கை மாற்றிவிட்டார்களே, அதை நம் ஊர்ப் போட்டியிலும் வைத்துக்கொள்ளலாமா? நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் தெரிய வேண்டும் என்று இளைஞர் மன்றத்துக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ஆட்டம் சமனில் முடிந்த பிறகு ஒரு அணிக்கு மட்டும் எப்படி ஒன்றுமே கிடைக்காமல் போகும் என்று கோபித்து எழுதியவர்களும் உண்டு.

பாடிப் போவது, பிடி போடுவது, போனஸ், ஆல் அவுட் இதெல்லாம் கரிசல் மண்ணில் கால் வைத்த எவருக்கும் தெரியும். நேரே கணக்குக்கு வருகிறேன்.

2014ல் முதல் சீசன் நடந்ததிலிருந்து பழக்கமான கணக்கு இது: வென்ற அணிக்கு 5 புள்ளி. சமன் என்றால் ஆளுக்கு 3. தோற்றாலும் 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1. 2025 ஆகஸ்ட் 29ல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய 12வது சீசனில் இதை அப்படியே எடுத்துவிட்டார்கள். வெற்றிக்கு 2, தோல்விக்கு ஒன்றுமில்லை. சமன் என்ற முடிவே கிடையாது. 40 நிமிட முடிவில் ஸ்கோர் ஒன்றாக இருந்தால் டை பிரேக்கர். அதுவரை நாக் அவுட் சுற்றில் மட்டும் இருந்த இந்த ஏற்பாடு இப்போது லீக் சுற்றின் 108 ஆட்டங்களுக்கும் பொருந்தும்.

முதல் நாள் இரவே இரண்டு மாற்றங்களும் கண்ணெதிரே நடந்தன. தமிழ் தலைவாஸ் 38-35 என்று தெலுங்கு டைட்டன்ஸை வென்றது. மூன்றே புள்ளி வித்தியாசம். பழைய கணக்கில் டைட்டன்ஸுக்கு 1 கிடைத்திருக்கும், கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் பெங்களூரு புல்ஸும் புனேரி பல்டனும் 32-32. பழைய கணக்கில் ஆளுக்கு 3. புதிய கணக்கில் டை பிரேக்கரில் வென்ற புனேவுக்கு 2, பெங்களூருவுக்கு ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முடிவு வேண்டும், பரபரப்பு கூட வேண்டும் என்பது நடத்துபவர்கள் தரப்பு. பரபரப்பு என்றால் யாருக்கு என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். டிவி முன்னால் இருப்பவருக்கு ஐந்து நிமிட டை பிரேக்கர் நல்ல விருந்துதான். மேட்டில் 40 நிமிடம் மூச்சுப் பிடித்தவனுக்கும் அது நியாயமாக இருக்கிறதா என்பதை யாரும் விளக்கவில்லை.

முதலில், எடுத்துவிட்ட அந்த ஒரு புள்ளியைப் பார்ப்போம். இது ரக்பியிலிருந்து வந்த யோசனை போலவே இருக்கிறது. 1996ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க அணிகள் ஆடிய சூப்பர் 12 ரக்பிப் போட்டியில் வெற்றிக்கு 4, சமனுக்கு 2, ஏழுக்குள் தோற்றால் 1 என்று வைத்தார்கள். ரக்பி யூனியனில் ஒரு டிரை 5 புள்ளி, அதற்குப் பிறகு கம்பத்துக்கு மேலே உதைப்பது 2. ஆக 7 என்பது ஒரே மூச்சில் எட்டிவிடக்கூடிய தூரம். பிரெஞ்சு லீக்கில் அதையும் குறைத்து ஐந்தாக்கினார்கள். கபடியில் ஏழுக்கு என்ன கணக்கு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் அந்த எண் மனதில் எளிதாக உட்கார்ந்துகொண்டது.

அந்த ஏழு கடைசி மூன்று நிமிடங்களில் செய்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது புள்ளி பின்தங்கிய அணி. ஜெயிக்க வழியில்லை. ஆனால் இரண்டு புள்ளி எடுத்துவிட்டால் பட்டியலில் ஒன்று ஏறும். அதனால் வெளியே உட்கார்ந்திருந்த பெரிய ரைடர் திரும்ப உள்ளே வருவார், கார்னரில் நிற்பவர் முட்டிக் காலைத் தழுவ இன்னும் ஒரு அடி முன்னே வருவார். ஏழுக்குள் வந்தவுடன் எல்லாம் மாறும். ரைடர் நடுக்கோட்டைத் தாண்டி நிதானமாகப் போவார், பாக் லைனை ஒரு காலால் தாண்டுவார், 28 நொடி பாடிவிட்டு யாரையும் தொடாமல் திரும்புவார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ரைடு டூ ஆர் டை என்பதால் அதில் மட்டும் வேகம். தோல்வியைப் பத்திரமாகக் காப்பாற்றும் ஆட்டம் அது. பார்ப்பவருக்கு எரிச்சல்தான், மறுக்கவில்லை.

பட்டியலிலும் அது கோணலாகத் தெரியும். 18 ஆட்டத்தில் எட்டு வென்று பத்தில் படுதோல்வி கண்ட அணிக்குப் பழைய கணக்கில் 40 புள்ளி. ஏழே வென்று பதினொன்றில் மயிரிழையில் தோற்ற அணிக்கு 46. குறைவாக வென்றவர் மேலே இருப்பார். இதை ஏற்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒரு புள்ளியை எடுத்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பதிலுக்கு நாம் இழப்பது பத்துப் புள்ளி பின்தங்கிய அணியின் கடைசி முயற்சியை. 2025 சீசனில் அப்படிப்பட்ட ஆட்டங்களின் முடிவில் மாற்று ஆட்கள் இறங்கி நேரத்தைக் கழிப்பதைப் பார்த்தோம்.

வருத்தம் சமனில் இருக்கிறது. டை பிரேக்கரை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் புரியும். இரண்டு பக்கமும் ஏழு பேர் நிற்பார்கள். ஒவ்வொரு அணியிலும் ஐந்து வேறு வேறு ஆட்கள் மாறி மாறி ஐந்து ரைடு போவார்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் பாக் லைனே அப்போது போனஸ் கோடாகவும் ஆகிவிடும். வழக்கமான போனஸ் கோட்டுக்கு இன்னும் ஒரு மீட்டர் உள்ளே போக வேண்டியதில்லை. இதைவிட முக்கியம் அடுத்தது. யார் பிடிபட்டாலும், யார் தொடப்பட்டாலும் வெளியே போக மாட்டார்கள். அவுட்டும் இல்லை, உயிர் பெற்று உள்ளே வருவதும் இல்லை. புள்ளி மட்டும் ஏறும்.

கபடியின் உயிரே அந்த அவுட்டில்தான் இருக்கிறது. ஒருவன் தொடப்பட்டு வெளியே போனால் மீதி ஆறு பேர் அந்த இடைவெளியை மூட வேண்டும். மூன்று பேராகச் சுருங்கினால் சூப்பர் டேக்கிளுக்குத் துணிய வேண்டும். வெளியே வரிசையில் காத்திருப்பவனை உள்ளே கொண்டுவர இன்னொருவன் உயிரைக் கொடுக்க வேண்டும். 40 நிமிடமும் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் ஆட்டம் நடக்கிறது. டை பிரேக்கர் இதை முழுசாக நிறுத்திவிடுகிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு ரைடிலும் ஒரு புள்ளி வரும். ஒரே ஒரு நல்ல பிடி அல்லது ஒருவர் இருவரைத் தொட்டுவிடுவது எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 2022 டிசம்பரில் எலிமினேட்டரில் உத்தரப் பிரதேச யோதாஸுடன் 36-36 என்று நின்ற தலைவாஸ், டை பிரேக்கரை 6-4 என்று வென்று அரையிறுதிக்குப் போனது நினைவிருக்கும். நமக்குச் சாதகமாக முடிந்ததால் அன்று யாரும் விதியைக் கேள்வி கேட்கவில்லை. அது நாக் அவுட். ஒருவர் வெளியேறித்தான் ஆக வேண்டும். லீக் சுற்றில் அந்தக் கட்டாயம் எங்கே இருக்கிறது?

ரக்பி லீக்கையும் இங்கே பார்க்க வேண்டும். ரக்பி யூனியனிலிருந்து 1895லேயே பிரிந்துபோன, அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம். தாக்கும் அணி ஆறு முறை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி, நம் டூ ஆர் டை ரைடுக்கு உறவுமுறை. ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் போட்டியில் வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு எதுவும் இல்லை. புரோ கபடி இப்போது யூனியன் கணக்கை விட்டு லீக் கணக்குக்கு மாறியிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் பாதிதான் எடுத்துக்கொண்டது. 2003லிருந்து அங்கே சமனானால் கூடுதல் நேரம் தருகிறார்கள். அதில் முதலில் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. கூடுதல் நேரத்திலும் ஆடுவது அதே ஆட்டம், அதே விதி. பத்து நிமிடத்திலும் யாரும் எடுக்காவிட்டால் ஆளுக்கு 1 புள்ளி கொடுத்து அனுப்புவார்கள். அதிலும் ஒரு புள்ளி உதையையே எல்லோரும் குறிவைக்கிறார்கள் என்று குறை சொல்பவர்கள் அங்கே நிறைய. ஆனாலும் சமமாக நின்றவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை.

இங்கே 32-32 என்று நின்ற அணியும், முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணியும் பட்டியலில் ஒன்றுதான். ஆட்டங்களும் 22லிருந்து 18ஆகக் குறைந்திருக்கின்றன. முதலிரண்டு இடங்களைப் பிடித்த புனேவும் டெல்லியும் ஆளுக்கு 13 வெற்றி, 26 புள்ளி. இவ்வளவு நெருக்கமான பட்டியலில் ஐந்து ரைடுகளால் கைமாறும் இரண்டு புள்ளி சின்ன விஷயமில்லை.

இதற்கு மருந்து வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பக்கத்து மைதானத்து வாலிபாலிலேயே இருக்கிறது. அங்கே 3-0, 3-1 என்று வென்றால் 3 புள்ளி. ஐந்தாவது செட் வரை போனால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. இதையே கபடிக்கு வையுங்கள்: 40 நிமிடத்தில் வென்றால் 3, டை பிரேக்கரில் வென்றால் 2, டை பிரேக்கரில் தோற்றால் 1. முடிவும் கிடைக்கும், சமமாக ஆடியவனுக்கு மரியாதையும் கிடைக்கும். லீக் சுற்று வைத்து நடத்தும் ஊர்க்காரர்களுக்கு என் பரிந்துரை இதுதான். நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, வெளியூர் ஆட்கள் எத்தனை பேர் என்று போடும் இடத்துக்குக் கீழேயே இதையும் போட்டுவிடுங்கள். மின்னொளியில் நள்ளிரவு தாண்டி ஆட்டம் சமனில் நிற்கும்போது, இரண்டு ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று விதி எழுதுவது நடுவரின் வேலையில்லை.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

எங்கள் போட்டி முழுக்க நாக் அவுட். புதிய புள்ளிக் கணக்கு பொருந்துமா? பொருந்தாது. உங்களுக்கு டை பிரேக்கர் விதி மட்டும் போதும்.

மண் தரையில் பாக் லைனைப் போனஸ் கோடாக்க முடியுமா? முடியும், ஆனால் சுண்ணாம்பு கலைந்துபோகும். டை பிரேக்கருக்கு முன் கோட்டைத் திரும்பப் போடுங்கள்.

டை பிரேக்கரில் ஒரே ரைடரை இரண்டு முறை அனுப்பலாமா? கூடாது. ஐந்து பேரும் வேறு வேறு ஆட்கள்.

தலைவாஸ் ஏன் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை? பன்னிரண்டில் முதல் எட்டு அணிக்குத்தான் இடம். அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடி ரூபாய்க்கு எடுத்தும், பவன் ஷெராவத் சீசன் நடுவில் அணியை விட்டுப் போன பிறகு அந்த எட்டுக்குள் வர முடியவில்லை.

கோப்பை யாருக்கு? தபாங் டெல்லி. அக்டோபர் 31 இறுதி ஆட்டத்தில் புனேவை 31-28 என்று வென்றது. டை பிரேக்கர் தேவைப்படவில்லை.

ரக்பியில் சென்னை அணி ஒன்று கோப்பை வென்றதாமே? உண்மை. 2025 ஜூன் 29ல் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல் சீசன் இறுதியில் சென்னை புல்ஸ் டெல்லி ரெட்ஸை 41-0 என்று வீழ்த்தியது. பெயரில் லீக் இருந்தாலும் அது ஏழு பேர் ஆடும் யூனியன் வகை; நாலு நிமிடக் கால்பகுதிகள் நான்கு.

டை பிரேக்கரும் சமனானால்? கோல்டன் ரைடு. அதிலும் தீராவிட்டால் டாஸ். ஊர்ப் போட்டியில் அந்தக் கடைசி விதியை மட்டும் எடுத்துவிடுங்கள். நாணயம் சுண்டி ஒரு ஊரைத் தோற்கடிப்பதைவிட இரண்டு அணிக்கும் பரிசைப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பது மேல்.