எப்படி நடக்கும் என்பதே கேள்வி

டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் பெற்றோர் முதலில் கேட்பது, "எப்போது நடக்கும்?" பெரும்பாலும் 2 வயதையொட்டி. பிசியோதெரபிஸ்டுகளின் கவலை வேறு: எப்படி நடக்கும்?

21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் நிலை இது. தசைகள் தொய்வாக இருக்கும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் அளவுக்கு மீறி நெகிழும். சமாளிக்கக் குழந்தையே குறுக்குவழி கண்டுபிடிக்கிறது. கால்களை அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை விறைத்து நிற்கிறது. இது பழகிவிட்டால் மாற்றுவது கடினம். வளர்ந்தபின் பாதமும் முழங்காலும் வலிக்கக்கூடும்.

அதனால்தான் கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சி தொடங்குகிறது. குப்புறப் படுக்கவைத்துத் தலைதூக்கப் பழக்குவது, இடுப்பைத் தாங்கி முதுகு நிமிர உட்காரவைப்பது என எல்லாமே எளியவை. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு இருப்பதால் முதலில் டாக்டரின் பரிசோதனை அவசியம்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. அதன்கீழ் அமைந்த மாவட்ட மையங்களில் சிகிச்சை இலவசம். ஆனால் கூலிவேலையை விட்டுவிட்டு அடிக்கடி பஸ் ஏறுவது எத்தனை பேருக்கு முடியும்? பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். நல்ல தெரபிஸ்ட் குழந்தையோடு தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்தே பாடம் நடத்துகிறார்.