கடைசி முன்னுரிமை: கண்டுகொள்ளாதிருக்க ஒரு சட்டம்

1

சிவில் உரிமைப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் துண்டறிக்கைக்காக நாலு பக்கங்களைக் கையில் கொடுத்து, 'தமிழ்ல போட்டுக் குடுங்க, ரெண்டு நாள் வேலை' என்றார். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் கஞ்சா தொடர்பாக மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டங்கள் பற்றிய குறிப்பு அது. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். வயதுவந்த ஒருவர் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதை விசாரிப்பது, கைது செய்வது, வழக்கு நடத்துவது ஆகியவை அந்நகரப் போலீசுக்குக் 'கடைசி முன்னுரிமை'யாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். கடைசி என்றால் எப்படி முன்னுரிமை? முன் என்றால் எப்படிக் கடைசி? 'பின்னுரிமை' என்று போட்டுப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. இந்த முரண் மொழிபெயர்ப்பில் வந்தது இல்லை, சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று புரிய ரெண்டு நாளுக்கு மேலாயிற்று.

இலக்கணம் படித்தவனுக்கு விதி தெரியும், விலக்கு தெரியும், இரண்டிலும் அடங்காததைக் கட்டிவைக்கப் புறனடை தெரியும். குற்றவியல் சட்டமும் நமக்கு அப்படித்தான் அறிமுகம்: இதைச் செய்யாதே, இன்ன சூழலில் செய்தால் குற்றமில்லை. இந்தச் சட்டமோ விதியைத் தொடவில்லை. கஞ்சா வைத்திருப்பது குற்றம் என்ற மாநிலச் சட்டம் அப்படியே நிற்கிறது. விலக்கும் தரவில்லை. 'குற்றம்தான், மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு இதற்கு வா' என்கிறது. பேச்சுத்தமிழில் இதற்கு ஒரே சொல் போதும்: கண்டுக்காதே. ஒரு நகரம் தன் போலீசைப் பார்த்துக் கண்டுக்காதே என்று எழுத்தில் சொல்வதற்கு என்ன அர்த்தம்? சட்டம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இது நம்மைக் கொண்டுபோகிறது என்று நினைக்கிறேன்.

2

இப்படியொரு வாசகம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அதிகாரம் மூன்று அடுக்கு. 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள். நகரங்கள் இவ்விரண்டையும் ரத்துசெய்ய முடியாது. ஆனால் போலீஸ் நகரத்துடையது. சம்பளம், ஆள்பலம், எந்தத் தெருவுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் நகரத்தின் கையில். சட்டம் ஒருவரிடம், அதை நடத்தும் கை இன்னொருவரிடம். இந்த இடைவெளியில் முளைத்தவைதான் இச்சட்டங்கள்.

முதல் முயற்சி நேரடியாக இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகர வாக்காளர்கள் 1973ல், நகர மன்றத்தின் அனுமதியில்லாமல் கஞ்சாவுக்காக யாரையும் போலீஸ் கைது செய்யக்கூடாது என்று தீர்மானித்தார்கள். வழக்கு வந்தது. மாநிலச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 1978 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மக்கள், கைதையும் வழக்கையும் நிறுத்தும்படி அரசு வழக்கறிஞரையும் போலீஸ் தலைவரையும் கோரும் தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். அதே மாதம் 27ந் தேதி மேயர் மாஸ்கோனியும் ஹார்வி மில்க்கும் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தீர்மானம் கேட்பாரற்றுப் போயிற்று.

1979ல் பெர்க்லி திரும்பி வந்தது, இம்முறை வேறு இலக்கணத்தோடு. 'கைது செய்யாதே' என்பது போய், 'கைது செய்வதைக் கடைசியில் வை' என்றாயிற்று. தடுப்பது சட்டத்தோடு மோதல், வரிசைப்படுத்துவது நிர்வாகம். நீதிமன்றத்தில் அடிபட்ட ஒரு கோரிக்கை உயிர்பிழைக்கக் கற்றுக்கொண்ட மொழி இது. முரணான அந்தச் சொற்சேர்க்கை அங்கேதான் பிறந்தது.

அதன்பின் கால் நூற்றாண்டு கழித்துத்தான் இது பரவியது. 2003 செப்டம்பரில் சியாட்டில் நகரம் 75ஆம் எண் முன்மொழிவை ஏறத்தாழ 58 சதவீத வாக்குகளில் நிறைவேற்றியது. அப்போது அம்மாநிலத்தில் 40 கிராம் வரை வைத்திருந்தால் 90 நாள் வரை சிறை. அது மாறவில்லை, போலீசின் வரிசை மாறியது. 2004ல் ஓக்லாந்து 65 சதவீதத்தோடு பின்தொடர்ந்தது. 2006ல் சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், சாண்டா மோனிகா. 2007ல் டென்வர். 2019ல் அதே டென்வர் மனமயக்கக் காளானுக்கும் இதே வாசகத்தை எடுத்துக்கொண்டது, மயிரிழை வித்தியாசத்தில். கருக்கலைப்பு உரிமையை உச்சநீதிமன்றம் 2022ல் பறித்தபோது, டெக்சாசின் ஆஸ்டின் நகர மன்றம் கருக்கலைப்பு விசாரணைகளைத் தன் போலீசின் கடைசி வரிசைக்குத் தள்ளியது. கஞ்சாவுக்காகச் செய்த கருவி வேறு கைகளுக்கும் உதவிற்று.

3

சரி, இதிலென்ன பெரிய விஷயம்? நடைமுறையில் எல்லாப் போலீசும் செய்வதைத்தானே எழுதிவைத்தார்கள் என்று கேட்கலாம். விஷயமே அதுதான்.

எந்தப் போலீசும் எல்லாச் சட்டத்தையும் எல்லா நேரத்திலும் அமல்படுத்துவதில்லை. ஆள் போதாது, நேரம் போதாது, மனசும் போதாது. ஆகவே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பட்டியல் இருக்கிறது: எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது, யாரை நிறுத்துவது, யாருக்குச் சல்யூட் வைப்பது. அது எழுதப்படாத பட்டியல். சட்டப் புத்தகத்தில் அனைவரும் சமம், பட்டியலில் இல்லை. ஃபூக்கோ 1975ல் வெளிவந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் இதைத்தான் வேறுவிதமாகச் சொல்கிறார். தண்டனை அமைப்பு சட்டமீறல்களை ஒழிப்பதில்லை, வகைபிரித்து நிர்வகிக்கிறது. உடைமையைத் தொடும் ஏழையின் மீறலுக்குச் சிறை. வரி ஏய்க்கும் மேல்தட்டின் மீறலுக்குச் சமரசம், அபராதம். சட்டத்தின் அதிகாரம் அதன் வாசகத்தில் இருப்பதைவிட இந்தப் பகுப்பில்தான் அதிகம் இருக்கிறது.

கஞ்சா இதற்குக் கைமேல் சான்று. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் 2013ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2010 வரை அங்கே கஞ்சாவுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதுகள். அவற்றில் 88 சதவீதம் வெறுமனே வைத்திருந்ததற்காக. கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உபயோகிக்கிறார்கள். ஆனால் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.73 மடங்கு. இந்த 3.73 எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத பட்டியல் எழுதிய எண் அது.

கடைசி முன்னுரிமைச் சட்டம் செய்த காரியம் இந்தப் பட்டியலைத் தெருவுக்கு இழுத்துவந்ததுதான். வரிசையை ஏட்டையாவோ ஆணையரோ தீர்மானிக்கும் இடத்தில் வாக்காளர் வந்து நின்றார். சியாட்டில் சட்டம் 11 பேர் கொண்ட ஒரு குழுவையும் ஏற்படுத்தி, அமலாக்கத்தின் விளைவுகளைப் பரிசீலிக்கச் சொன்னது. போதைப்பொருள் பற்றிய சட்டம் என்று இதைப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். போலீசின் விருப்புரிமை பற்றிய சட்டம் இது.

4

இதைக் கொண்டாடிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கண்டுக்காதே என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்டுக்காதவன் நினைத்தால் கண்டுக்கலாம். கடைசி வரிசையும் வரிசைதான்.

டென்வரைப் பாருங்கள். 2005லேயே அந்நகரம் ஒரு அவுன்சு வரை வைத்திருப்பதற்கான நகரத் தண்டனையை நீக்கிவிட்டது. போலீஸ் அசரவில்லை, நகர விதி போனால் என்ன, மாநில விதி இருக்கிறதே என்று அதன்கீழ் அபராதச் சீட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2007ல் மறுபடி வாக்கெடுப்பு தேவைப்பட்டது அதனால்தான்.

நியூயார்க் இன்னும் கசப்பான பாடம். அது கடைசி முன்னுரிமைச் சட்டம்கூட இல்லை, அதைவிட ஒருபடி மேல். மாநிலச் சட்டமே 1977ல் 25 கிராம் வரை வைத்திருப்பதை வெறும் அபராதக் குற்றமாக்கியது. பொதுப் பார்வையில் வெளியே எடுத்தால் மட்டும் கைது. 1990ல் நியூயார்க் நகரில் இத்தகைய கைதுகள் ஆயிரத்தைத் தொடவில்லை. 2011ல் 50 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பான்மையோர் கறுப்பர், லத்தீன் இளைஞர்கள். சட்டம் மாறவில்லை. தெருவில் நிறுத்தி, 'பையில் இருப்பதை வெளியே எடு' என்பார் போலீஸ்காரர். எடுத்த கணத்தில் அது பொதுப் பார்வைக்கு வந்துவிடும். அந்த ஒரு வினைச்சொல்லில் அபராதம் கைதாகிவிடும்.

சியாட்டிலில் நடந்தது கேலிக்கூத்து மாதிரி இருக்கும். 2012 வாக்கெடுப்பில் வாஷிங்டன் மாநிலம் கஞ்சாவை வயதுவந்தோருக்குச் சட்டபூர்வமாக்கியது. பொது இடத்தில் புகைத்தால் மட்டும் 27 டாலர் அபராதம். 2014ன் முதல் ஆறு மாதத்தில் இப்படிக் கொடுக்கப்பட்ட சீட்டுகள் 83. அவற்றில் 66 ஒரே ஒரு போலீஸ்காரர் கொடுத்தவை. இந்தச் சட்டம் அசட்டுத்தனமானது என்று சீட்டிலேயே குறிப்பெழுதியிருக்கிறார். ஒரு சமயம் இருவரில் யாருக்குச் சீட்டு என்று காசைச் சுண்டிப் பார்த்திருக்கிறார். சீட்டு வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பர். நகர மக்கள்தொகையிலோ அவர்கள் சுமார் 8 சதவீதம். ஆனால் இது எப்படி வெளியே தெரிந்தது? கணக்கெடுத்து அறிக்கை தரவேண்டிய கட்டாயம் போலீசுக்கு இருந்ததால். சீட்டுகளைத் தள்ளுபடி செய்யக் கோரினார் நகர வழக்கறிஞர். விருப்புரிமையை ஒழிக்க முடியவில்லை. கையும் களவுமாய்ப் பிடிக்க முடிந்தது.

எதிர்த்தரப்பும் இதன் வீரியத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. டெக்சாசில் ஒரு மாநில விதி, போதைப்பொருள் சட்டங்களை முழுமையாக அமல்படுத்தாதிருக்கும் கொள்கையை எந்த நகரமும் வகுக்கக்கூடாது என்கிறது. 2022ல் டென்டன் நகர வாக்காளர்கள் 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரித்த தடையை நகர நிர்வாகம் இவ்விதியைக் காட்டி நடைமுறைப்படுத்த மறுத்தது. அதே ஆண்டு ஆஸ்டின் கொண்டுவந்ததற்கு எதிராக மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2024ல் வழக்குப் போட்டார். 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. முழுமையான அமலாக்கம் எங்குமே நடந்ததில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். வரிசை இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபமில்லை. வரிசையை எழுதுவதில், அதுவும் வாக்காளர் எழுதுவதில்தான் ஆட்சேபம்.

5

துண்டறிக்கைக்கு இதை எதற்குத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு சாலை மறியல் முடிந்த இரவு, ஸ்டேஷனில் உட்காரவைத்து ஒரு அதிகாரி அவரிடம் நிதானமாகக் கேட்டாராம்: 'பையில ரெண்டு பொட்டலம் இருந்துச்சுன்னு எழுதுனா என்னப்பா பண்ணுவே?' பையில் இருந்தது நோட்டீசும் ஒரு துண்டும். எழுதவில்லை, விட்டுவிட்டார்கள். 'விட்டுட்டாங்க' என்ற சொல்லை நண்பர் சொன்ன விதம் எனக்கு மறக்காது.

'கஞ்சா கேஸ் போட்டுருவேன்' என்பது நமக்கு விளக்கம் தேவைப்படாத வாக்கியம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு: குறைந்தது பத்தாண்டு, ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எடை ஏற ஏற வாழ்க்கை இறங்கும். எடை போடும் தராசு யார் கையில் என்பதே கேள்வி. பெர்க்லி செய்ததை இங்கே ஒரு நகரம் செய்ய வழியும் கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநகராட்சிக்குக் குப்பையும் தெருவிளக்கும் உண்டு, போலீஸ் இல்லை.

ஆகவே அவர்களைப் போல நாமும் சட்டம் போடுவோம் என்று முடிக்க என்னிடம் முழக்கம் இல்லை. கண்டுகொள்ளாமல் விடப்படுவது உரிமை ஆகாது, அது தயவு. தயவில் வாழ்பவன் ஒவ்வொரு திருப்பத்திலும் முகம் பார்த்துத்தான் நடக்கவேண்டும். இச்சட்டங்களின் குறை இது. பெரும்பாலான இடங்களில் இவை பின்னால் முழுச் சட்டபூர்வமாக்கலுக்குப் படிக்கட்டாகத்தான் மிஞ்சின. ஆனால் ஒன்றை அவை நிரூபித்திருக்கின்றன: அந்த எழுதப்படாத பட்டியல் இயற்கையானது இல்லை. அதைக் கேட்கலாம், எழுதச் சொல்லலாம், கணக்குக் காட்டச் சொல்லலாம். ஒரு ஸ்டேஷனில் ஓராண்டில் எத்தனை கஞ்சா வழக்குகள், யார் மேல், எந்தத் தெருவில், எத்தனை கிராம் என்று கேட்பதற்கு நமக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கேட்கும் ஆட்கள் தேவை.

துண்டறிக்கையில் கடைசிவரை வேறு சொல் தேடாமல் 'கடைசி முன்னுரிமை' என்றே போட்டுக் கொடுத்தேன். நண்பர் படித்துவிட்டு, 'என்னங்க, இடிக்குதே' என்றார். இடிக்கட்டும் என்றேன்.