பட்டையைக் கழற்றினால் மட்டும் போதுமா? பழைய பிக்கப் டிரக்கில் ‘ஃபோர்-லிங்க்’ சஸ்பென்ஷன்: முழு விளக்கம்

1970-களின் ஷெவர்லே பிக்கப் ஒன்று தரையை ஒட்டிக்கொண்டு, காரைப் போல வழுக்கிக்கொண்டு போகும் ரீல்ஸ் நிச்சயம் உங்கள் ஃபீடில் ஒருமுறையாவது வந்திருக்கும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பளபளக்கும் பெயின்ட்டும் பெரிய வீல்களும்தான். ஆனால், அந்த வண்டியின் குணத்தையே மாற்றிய விஷயம் சரக்குத் தொட்டிக்கு அடியில் மறைந்திருக்கிறது. நான்கே நான்கு இரும்புத் தண்டுகள்!

அமெரிக்காவில் பழைய பிக்கப்களை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் மத்தியில் ‘ஃபோர்-லிங்க்’ என்ற இந்த மாற்றம் ரொம்பவே பிரபலம். சில நூறு டாலர் முதல் சில ஆயிரம் டாலர் வரை ரெடிமேட் கிட்களும் கிடைக்கின்றன. பழைய ஸ்பிரிங்கைக் கழற்று, புதுசை மாட்டு, அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. கழற்றிப் போடும் அந்தப் பழைய ஸ்பிரிங் சத்தமில்லாமல் எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது, அதைக் கழற்றிய பிறகுதான் தெரியும்.

ஒரு பட்டை, பல வேலை

பழைய பிக்கப்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் இருப்பது லீஃப் ஸ்பிரிங். நம்மூர் லாரியிலும் டாடா ஏஸிலும் பின்சக்கரத்தை ஒட்டி இருக்குமே, அதே பட்டைதான். வண்டியின் எடையைத் தாங்குவது அதன் முதல் வேலை. இதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

இரண்டாவது வேலை பலர் கண்ணில் படாது. பின் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதே பட்டைதான். ஆக்சில் முன்னே பின்னே நகராமல், பக்கவாட்டில் விலகாமல், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. தனியாகத் தண்டு கிடையாது, கம்பி கிடையாது. மலிவு, எளிது, உழைக்கும். லாரிகளில் இன்றுவரை பட்டை இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிரச்சினை எங்கே? முழு லோடையும் தாங்கும் அளவுக்குப் பட்டை கெட்டியாக இருக்க வேண்டும். அதனால் காலி வண்டி குதிக்கும். காலி லோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னச் சின்ன மேடுபள்ளங்களைக்கூட நைசாக விழுங்க முடியாது. பெரிய இன்ஜின் போட்டு ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். பட்டை ‘எஸ்’ போல நெளியும், சக்கரம் தட்தட்டென்று தரையில் துள்ளும்.

நான்கு தண்டு என்ன செய்கிறது?

ஃபோர்-லிங்க் அமைப்பு இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறது. எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங் அல்லது ஏர் பேக். ஆக்சிலைப் பிடித்து வைப்பது தண்டுகள். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் கீழே இரண்டு, மேலே இரண்டு. வண்டி முடுக்கம் எடுக்கும்போது கீழ்த்தண்டுகள் அழுத்தப்படும், மேல்தண்டுகள் இழுக்கப்படும். பிரேக் போட்டால் இது தலைகீழ். இப்படி மேலும் கீழும் பிடிப்பு இருப்பதால் ஆக்சில் முறுக்கிக்கொள்ள வழியில்லை.

இதில் இரண்டு வகை உண்டு. நான்கு தண்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது முதல் வகை. இது ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்காது. அதற்காக ஒரு முனை ஆக்சிலிலும் மறுமுனை சேஸிஸிலும் இருக்குமாறு குறுக்கே ஒரு கம்பி வேண்டும். அதன் பெயர் ‘பானார்ட் ராடு’. இரண்டாவது வகையில், மேல்தண்டுகள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் ‘வி’ வடிவில் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வே பக்கவாட்டுப் பிடிப்பைத் தந்துவிடுவதால் குறுக்குக் கம்பி தேவையில்லை.

மகிந்திரா தார் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பழைய தாரின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். 2020-ல் வந்த புதிய தாரில் அதே மாதிரியான முழு ஆக்சில்தான்; ஆனால் தண்டுகளும் காயில் ஸ்பிரிங்கும் வந்துவிட்டன. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் இடுப்பிலேயே தெரிந்திருக்கும்.

ஷெவர்லேயின் ‘ரிவர்ஸ் கியர்’

இந்த மாற்றத்துக்கு அதிகம் தேர்வாகும் வண்டிகளில் ஒன்று ஷெவர்லே சி10. அதன் கதையில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 1960-ல் சி10 அறிமுகமானபோதே, பின்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் ஆக்சிலைப் பிடிக்க இரண்டு நீளமான கைகளும் இருந்தன. அந்தக் காலத்துப் பிக்கப்பில் இது பெரிய சொகுசு. ‘டிரக் ஆர்ம்’ எனப்படும் அதே வடிவமைப்பை நாஸ்கார் ரேஸ் கார்களும் எடுத்துக்கொண்டன. 2022-ல் புதிய தலைமுறை கார் வரும்வரை நாஸ்காரின் உச்சப் போட்டியில் அதுதான் ஓடியது.

ஆனால் 1973-ல் வந்த அடுத்த தலைமுறை சி10-ல் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்காக மாறியது. 1987 வரை வந்த, ‘ஸ்கொயர் பாடி’ என்று ரசிகர்கள் கொண்டாடும் அந்தச் சதுர முக வண்டிகள் எல்லாமே பட்டை வண்டிகள்தான். இன்று ஃபோர்-லிங்க் மாட்டுபவர்கள் ஒருவகையில், கம்பெனி விட்ட இடத்துக்கே திரும்பப் போகிறார்கள்.

கம்பெனிகளும் இப்போது அந்தப் பக்கம்தான் வருகின்றன. 2009 மாடல் டாட்ஜ் ராம் 1500, 2022 மாடல் டொயோட்டா டன்ட்ரா ஆகியவை லீஃபை விட்டுக் காயிலுக்கு மாறின. அதேசமயம் ஃபோர்டு எஃப்-150-ன் வழக்கமான மாடல்கள் இன்னும் லீஃபில்தான் ஓடுகின்றன.

மாட்டுவது எப்படி?

*1. முதலில் டேப், பிறகுதான் ஸ்பேனர்.* எதையும் கழற்றும் முன் அளவெடுக்க வேண்டும். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் ஸ்கொயர் பாடி சி10-ன் குட்டை மாடலில் 117.5 அங்குலம், நீள மாடலில் 131.5 அங்குலம். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் எவ்வளவு என்று குறித்துக்கொள்வது அவசியம். வேலை முடிந்து வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். மற்ற எல்லாக் கோணங்களும் அந்த உயரத்தை வைத்துத்தான் அமையும்.

*2. ஜாக்கியை நம்பாதே.* சேஸிஸ் உறுதியான ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும். ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. யூ-போல்ட்டைக் கழற்றியதும் ஆக்சிலைப் பிடிக்க எதுவும் இருக்காது என்பதை மறக்கக் கூடாது. பட்டையின் பிராக்கெட்டுகள் சேஸிஸில் ரிவெட் அடித்து இருக்கும். தலையைக் கிரைண்டரில் தேய்த்து, பஞ்ச் வைத்துத் தட்டி எடுக்க வேண்டும்.

*3. ஆக்சிலை நிறுத்தும் இடம்.* முடிவு செய்த உயரத்துக்கு ஆக்சிலைத் தூக்கி, பிராக்கெட்டுகளை வைத்து, முதலில் சின்னச் சின்னப் பொட்டுகளாக மட்டும் வெல்டு வைக்க வேண்டும். பிறகு ஆக்சிலின் இரு முனைகளிலிருந்தும் சேஸிஸின் எதிர்ப்புறப் புள்ளிகளுக்கு மூலைவிட்டமாக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் ஆக்சில் கோணலாக நிற்கிறது. அப்படியே விட்டால் வண்டி நண்டு மாதிரி ஒருபக்கமாக நடக்கும்.

*4. முழு வெல்டிங்.* ஆக்சில் குழாயில் ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டு வைத்தால் சூட்டில் குழாயே வளைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் ஆறவிட வேண்டும். ஆக்சிலின் நடுவில் உள்ள உருண்டையான பகுதி பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் சாதாரண வெல்டு பிடித்தது போலத் தெரியும். பிறகு விரிசல் விடும். ‘வி’ வடிவ அமைப்பில் மேல்தண்டுகள் இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வரும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

*5. ஸ்பிரிங் இல்லாமல் ஒரு டெஸ்ட்.* காயிலை மாட்டும் முன், ஆக்சிலை ஜாக்கியால் மேல் எல்லைவரை தூக்கியும் கீழ் எல்லைவரை இறக்கியும் பார்க்க வேண்டும். தண்டு சேஸிஸில் இடிக்கிறதா, சைலன்சர் குழாய் தட்டுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதெல்லாம் இப்போதே தெரிந்துவிடும். தரையோடு படுக்கும் அளவுக்கு வண்டியை இறக்க நினைத்தால், ஆக்சில் சேஸிஸிலேயே மோதும். அதற்கு சேஸிஸில் அரைவட்டமாக வெட்டி, சுற்றிலும் கெட்டித் தகடு கொடுத்துப் பலப்படுத்த வேண்டும்.

*6. கடைசி முறுக்கு.* ரப்பர் புஷ் உள்ள தண்டுகளின் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சீக்கிரமே கிழியும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது.

அந்த ஓரிரு டிகிரி

எல்லாம் சரியாக மாட்டியும் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நடுங்குகிறதா? பினியன் கோணத்தைச் சந்தேகிக்கலாம்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட்டும் அதே அளவு கோணத்தில் இருந்தால் அது இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்துவிடும். அதற்கு கியர்பாக்ஸின் வெளித்தண்டும் ஆக்சிலின் பினியன் தண்டும் இணையாக இருக்க வேண்டும். பொதுவாக ஜாயின்ட்டின் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

பட்டை வண்டியில் இந்தக் கோணத்தை கம்பெனியே முடிவு செய்து கொடுத்திருந்தது. ஃபோர்-லிங்கில் அதை முடிவு செய்வது மேல்தண்டின் நீளம், அதாவது மாட்டுபவர் கை. நல்ல கிட்களில் தண்டின் நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க வசதி இருப்பது இதற்காகத்தான்.

பானார்ட் ராடிலும் இதே கதை. ஒரு முனையில் கட்டிய கம்பி வட்டப்பாதையில்தான் அசையும். அதனால் சக்கரம் மேலே போகும்போது ஆக்சில் லேசாகப் பக்கவாட்டில் நகரும். கம்பி எவ்வளவு நீளமோ, வண்டி நிற்கும் உயரத்தில் எவ்வளவு மட்டமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு நகர்வு குறையும்.

எதை இழக்கிறோம்?

சொகுசு சும்மா கிடைப்பதில்லை. சி10 ‘அரை டன்’ வகை வண்டி. 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ சரக்கு ஏற்றலாம் என்ற பழைய கணக்கில் வந்த பெயர். காரைப் போல மிதக்க வேண்டும் என்று மென்மையான காயிலைப் போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. செங்கல் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

இன்னொரு விஷயம், எடை இறங்கும் இடம். பட்டை ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் சேஸிஸைத் தொடுகிறது. எடை பிரிந்து இறங்கும். காயிலில் அது முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். அரை நூற்றாண்டு பழைய சேஸிஸ் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அதனால்தான் கிட்டோடு குறுக்குச் சட்டமும் வருகிறது. சேஸிஸில் துரு ஏறியிருந்தால், முதல் செலவு அதைச் சரிசெய்வதாகத்தான் இருக்க வேண்டும்.

முக்கியமாக, பட்டையில் ஓர் இலை உடைந்தாலும் மற்ற இலைகள் வீடுவரை கொண்டுவந்து சேர்க்க வாய்ப்பு உண்டு. ஃபோர்-லிங்கில் ஒரு கீழ்த்தண்டின் வெல்டு ஓடும்போது விட்டுப்போனால், அந்தப் பக்கச் சக்கரம் இடம் மாறும். ஸ்டீயரிங் ஓட்டுநர் கையில் இருக்கும். ஆனால் வண்டியைத் திருப்புவது பின் ஆக்சிலாக இருக்கும்.

யார் சரிபார்ப்பது?

அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் சொந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. டெக்சாஸும் 2025 ஜனவரி 1 முதல் சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கு அதை நீக்கிவிட்டது. ஆக, வெல்டு சரியாக இருக்கிறதா என்று கேட்க வேறு யாரும் வரமாட்டார்கள். அடித்தவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை அம்சங்களை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனவே, ரீல்ஸ் பார்த்துவிட்டு வீட்டு பொலிரோவுக்கு முயற்சி செய்ய வேண்டாம்.

அப்போ, யாருக்கு இது?

வார இறுதியில் ஓட்டி ரசிக்க, பெரிய இன்ஜின் போட, வண்டியைத் தாழ்வாக இறக்க நினைப்பவர்களுக்கு ஃபோர்-லிங்க் பலன் தரும். வைக்கோலும் மரக்கட்டையும் ஏற்றப் போகிறவர்களுக்கு, புதிய புஷ், நல்ல ஷாக் அப்சார்பர், தேய்ந்த பட்டைக்குப் பதில் புதுப் பட்டை போட்டாலே வண்டி பாதி சொகுசாகிவிடும். செலவும் குறைவு.

வெல்டிங் கைவராதவர்களுக்கு, போல்ட்டில் மாட்டும் கிட்கள் சி10 போன்ற வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. அதிலும் ஆக்சிலில் வெல்டிங் வந்தால், அந்த ஒரு வேலையை மட்டுமாவது தொழில் தெரிந்த வெல்டரிடம் கொடுப்பது நல்லது. பெயின்ட்டில் தப்பு நடந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். பிராக்கெட் வெல்டில் தப்பு நடந்தால், அது தெரியவருவது ஹைவேயில்தான்.