கிரனாடா: டிக்கெட்ல இருக்கிற நேரம் எந்த வாசலுக்கு?

இன்னைக்கு ஸ்பெயினோட கிரனாடா பத்திப் பேசலாம். முதல்ல நான் சொதப்பின கதை. அப்புறம் நீங்க எப்படிச் சொதப்பாம இருக்கலாம்னு சொல்றேன்.

அம்மாவைக் கூட்டிட்டு அல்ஹம்ப்ரா கோட்டைக்குப் போயிருந்தேன். டிக்கெட்ல 10:30னு இருந்துச்சு. மெயின் கேட்டுக்கு 10:20க்கே போயாச்சு, அதுல எனக்குப் பெருமை வேற. உள்ள நுழைஞ்சு, தோட்டத்துல நின்னு போட்டோ எல்லாம் எடுத்தோம்.

அந்த 10:30 மெயின் கேட்டுக்கு இல்ல. உள்ள இருக்கிற நஸ்ரித் அரண்மனைகளோட வாசலுக்கு. மெயின் கேட்டுல இருந்து அங்க நடக்கவே 15, 20 நிமிஷம் ஆகும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் நடப்பாங்க. போய்ச் சேரும்போது மணி 11:10. அரை மணி நேரம்தான் கணக்கு, உள்ள விடல. அவங்க மேல தப்பே இல்ல, டிக்கெட்டைச் சரியாப் படிக்காதது நான்தான்.

"பரவாயில்லடா"ன்னு அம்மா சொன்னாங்க. அதுதான் ரொம்ப வலிச்சுது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

அரண்மனை அறைகள் சின்னது. சுவர் முழுக்க சுதையில செதுக்கின நுணுக்கமான வேலைப்பாடு, பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டு. கூட்டம் ஒரேயடியா நுழைஞ்சா தாங்காது. அதனால அரை மணிக்கு இத்தனை பேர்னு பிரிச்சு விடறாங்க. ஐந்தாம் முகமது கட்டின சிங்க முற்றம், அதுல 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்குற நீரூற்று, எல்லாம் இந்த வாசலுக்கு உள்ளதான்.

என்ன பண்ணணும்?

டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. கடைசி நேரத்துல கிடைக்கிறது கஷ்டம். தோட்டம், அல்கசபா மட்டும் பார்க்கிற டிக்கெட்டும் தனியா விக்கும். அதுல நஸ்ரித் அரண்மனை கிடையாது, கவனம்.

பேரு, பாஸ்போர்ட் நம்பர் ரெண்டும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடுங்க. அப்பா பேரை இனிஷியலா சுருக்காதீங்க. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை ஹோட்டல்ல விட்டுட்டு வராதீங்க, கேட்பாங்க.

கையில டிக்கெட் இருந்தா மெயின் கேட்டுக்குப் போகவே வேண்டாம். 'புவெர்த்தா தே லா ஹுஸ்தீசியா', அதாவது நீதி வாசல் வழியா வந்தா அரண்மனை பக்கம். பிளாசா நுவேவால இருந்து நடந்து வரலாம், ஆனா நல்ல ஏத்தம். முடியாதவங்களுக்கு ஊர் நடுவுல இருந்து சி30 சின்ன பஸ் இருக்கு.

அரண்மனைக்கு மட்டும்தான் நேரம் ஃபிக்ஸ். அதை நடுவுல வெச்சுட்டு மத்ததை முன்னாடி பின்னாடி நகர்த்திக்கோங்க. வெயில் காலம்னா காலை ஸ்லாட் எடுங்க. ஜூலையில மதியம் நிக்க முடியாது.

தண்ணியைப் பாருங்க

நாங்க பார்த்தது ஹெனரலிஃபே தோட்டம். அங்க ஒரு படிக்கட்டு, கைப்பிடிச் சுவர் மேலயே வாய்க்கால் வெட்டித் தண்ணி ஓடுது. மலை மேல எப்படித் தண்ணி வந்துச்சு? தார்ரோ ஆத்துல மேல் பக்கத்துல இருந்து சுமார் 6 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டி, சரிவுலயே ஓட விட்டிருக்காங்க. பம்ப் இல்ல, மோட்டார் இல்ல. இஞ்சினியரிங் படிச்ச நான் அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

சாயங்காலம் சி31 பஸ்ஸைப் பிடிச்சு அல்பைசின் மேட்டுக்குப் போனோம். சான் நிக்கோலாஸ் மிரதோர்ல உட்கார்ந்தா, எதிர் மலையில மொத்த அல்ஹம்ப்ராவும் தெரியும். வெயில் சாயச் சாய சுவரெல்லாம் செவக்குது. இதுக்கு டிக்கெட்டே கிடையாது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அந்தச் சிங்கம் எந்தப் பக்கம்டா இருக்கும்?"னு கேட்டாங்க. நான் குத்துமதிப்பா கை காட்டினேன்.

நீங்க கை காட்டாதீங்க, நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. டிக்கெட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அலாரம். அவ்வளவுதான். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.